ஒரே பாத்திரம்

சனிக்கிழமை சாயங்காலமானால் எங்க அப்பாயி கோயில் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடும். கோயில் என்றால் லுத்தரன் கோயில். பாத்திரம் என்றால் இராப்போஜனப் பாத்திரம், வெள்ளி முலாம் பூசியது. தாத்தா கோயில் பிள்ளை. மணி அடிப்பது, கூட்டுவது, பெஞ்சு துடைப்பது அவர் வேலை. பாத்திரம் தேய்ப்பது மட்டும் அப்பாயி வேலை. புளி போட்டால் முலாம் போய்விடும் என்று விபூதி போட்டுத் தேய்க்கும். விபூதி வாங்கி வருவது நான். "வேதக்காரப் பய, ஒனக்கு எதுக்குடா திருநீறு?" என்று கடையில் சிரிப்பார்கள். பறச்சி கை, சிவன் கோயில் சாம்பல், கர்த்தர் பாத்திரம், மூணும் சனிக்கிழமை ராத்திரி ஒண்ணாத்தான் இருந்துச்சு. உள்ளே விரலை விட்டு, அடிவரைக்கும் வழித்துத் துடைத்து, லாந்தர் வெளிச்சத்தில் முகம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழே வைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அதே பாத்திரத்தில் கடைசியாகக் குடிப்பதும் அப்பாயிதான்.

கீழத்தஞ்சையில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். பீடத்துக்கு முன்னால் ஒரு மரக் கிராதி, ஒரே சமயத்தில் பத்துப் பேர் முழங்காலிடலாம். முதல் பந்தி மேலத்தெரு ஆண்கள், அடுத்தது மேலத்தெருப் பெண்கள், அப்புறம் சேரி ஆண்கள், கடைசியில் சேரிப் பெண்கள். இப்படி ஒரு சட்டம் யாரும் போட்டதில்லை. எழுதி ஒட்டியதில்லை. உட்கார்ற இடம் அப்படி, அதனால் எழுந்திருக்கிற வரிசையும் அப்படி. பாத்திரத்தைத் தேய்க்கும்போது தீட்டாகாத கை, குடிக்கும்போது எப்படித் தீட்டாகிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் வருகிற பதில் எங்கள் சபைகளில் பழசு: "அதெல்லாம் வெளிக் காரியம். கர்த்தர் இருதயத்தைப் பாக்குறார்."

இந்தப் பதிலைத்தான் நான் இங்கே விசாரிக்க விரும்புகிறேன். விசுவாசம் உள்ளே, சாதி வெளியே, ஒன்றை ஒன்று தொடாமல் இரண்டும் ஒரே மனுசனுக்குள் குடியிருக்க முடியுமா? முடியும் என்று ஒரு சபையே வாழ்ந்து காட்டுகிறதென்றால், அந்த விசுவாசத்துக்கு என்ன பேர்?

லுத்தர் எதற்காகச் சண்டை போட்டார் என்பதை நம்முடைய ஆட்களே மறந்துவிட்டார்கள். அந்தக் காலத்து ரோமத் திருச்சபையில் சனங்களுக்கு அப்பம் மட்டும்தான். ரசம் குருவுக்கு. 1415இல் கான்ஸ்டன்ஸ் சங்கம் சனங்களுக்குப் பாத்திரம் இல்லை என்று தீர்மானமே போட்டது. அதே வருடம் அதே ஊரில் யான் ஹஸ்ஸை உயிரோடு எரித்தார்கள். அவருடைய போகேமிய மக்கள் பாத்திரத்தையே தங்கள் கொடியில் சின்னமாக வைத்துக்கொண்டு போர் செய்தார்கள். 1520இல் லுத்தர், பாத்திரத்தைப் பறித்துக்கொள்ளக் குருமாருக்கு எந்த அதிகாரமும் இல்லை என்று எழுதினார். ஆக, லுத்தரன் என்கிற பேருக்கு உள்ளேயே அந்தப் பாத்திரம் இருக்கிறது. யாருக்கு அது எட்டாமல் வைக்கப்பட்டதோ அவர்கள் கைக்கு அது வரவேண்டும் என்பதுதான் சங்கதி.

ஆனால் அதே லுத்தர் 1525இல் என்ன செய்தார்? ஜெர்மன் குடியானவர்கள் பன்னிரண்டு கோரிக்கை வைத்தார்கள். கிறிஸ்து தம் இரத்தத்தால் எல்லாரையும் மீட்டிருக்கிறார், அப்படியிருக்க எங்களை எப்படி ஆண்டைக்குச் சொத்தாக வைக்கலாம் என்பது மூன்றாவது கோரிக்கை. இதைவிட நேர்மையான வேதபாடம் கிடையாது. லுத்தர் ஒத்துக்கொள்ளவில்லை. இது ஆவிக்குரிய விடுதலையை மாம்சத்துக்குரியதாக்குவது, அடிமையாக இருந்துகொண்டே ஒருவன் கிறிஸ்தவனாக இருக்கலாம் என்றார். பிறகு குடியானவர்களை வெட்டச் சொல்லியும் எழுதினார். "கர்த்தர் இருதயத்தைப் பாக்குறார்" என்று நம்ம ஊர் ஐயர் சொன்ன வாக்கியத்துக்கு ஒரு தாத்தா உண்டென்றால் அது இதுதான்.

அந்த வாக்கியம் 1706இல் தரங்கம்பாடியில் கப்பலேறி வந்திறங்கியது. சீகன்பால்கு மேல் எனக்கு மரியாதை உண்டு. தமிழைப் படித்தார், 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார், நம்முடைய பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். ஆனால் அந்த மிஷனின் சபையிலேயே சூத்திரர் ஒரு பக்கம், பறையர் ஒரு பக்கம் என்றுதான் உட்கார்ந்தார்கள். ராஜநாயக்கன் என்று ஒருவர். பறையர், தஞ்சாவூர் ராஜாவின் படையில் இருந்தவர், தானே வேதத்தைப் படித்துத் தேடி வந்தவர். தஞ்சையில் 40 வருடத்துக்கு மேல் உபதேசியாராக அடி உதை வாங்கி சபையை வளர்த்தார். அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கலாமா என்ற பேச்சு வந்தபோது, பறையர் கையால் இராப்போஜனம் வாங்க மற்றவர்கள் வரமாட்டார்கள் என்று மிஷனரிகள் தயங்கினார்கள். 1733இல் பட்டம் பெற்ற ஆரோன் வேளாளர். 1741இல் பட்டம் தியோகோவுக்குப் போனது. ராஜநாயக்கன் 1771இல் உபதேசியாராகவே இறந்தார்.

அப்புறம் 1833இல் ஆங்கிலிகன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று கட்டளையாக எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்துப்போனார்கள். பலர் பின்னால் லைப்ஸிக் லுத்தரன் மிஷனுக்கு வந்து சேர்ந்தார்கள். ஏனென்றால் இங்கே கதவு திறந்திருந்தது. சாதி சமுதாய வழக்கம், மார்க்கக் காரியம் அல்ல, வற்புறுத்தக் கூடாது, மெல்ல மெல்லத் தானே போகும் என்பது லைப்ஸிக் மிஷன் இயக்குநர் கார்ல் கிரவுலின் நிலை. 1850இல் சென்னையில் மற்ற மிஷன்காரர்கள் சாதிக்கு எதிராகக் கூட்டாக ஓர் அறிக்கை விட்டபோது லைப்ஸிக்காரர்கள் சேரவில்லை. (இதே கிரவுல்தான் திருக்குறளை ஜெர்மனில் கொண்டுவந்தவர். வள்ளுவரைப் பறையர் வீட்டுப் பிள்ளை என்று சொல்கிற கதை நம்மிடம் உண்டு. அதை அவரிடம் யாராவது சொல்லியிருப்பார்களோ என்னவோ.) அந்த மிஷனுக்குள்ளேயே ஓக்ஸ் என்கிற ஆள் மட்டும் ஒத்துக்கொள்ளாமல் சண்டை போட்டு வெளியேறி, 1861இல் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாக ஊழியம் தொடங்கினார். இன்றைய ஆற்காடு லுத்தரன் சபையின் வேர் அது. எனவே "அந்தக் காலத்துல யாருக்கும் தெரியல" என்று சொல்லாதீர்கள். தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

எங்க ஊருக்கு வருகிறேன். 1983. லுத்தர் பிறந்து 500 வருடம் என்று எல்லா ஊர்களிலும் கொண்டாட்டம். எனக்குப் பத்து வயசு. வெளியூரில் மில் வேலையில் இருந்த சித்தப்பா லீவில் வந்திருந்தார். முதல் பந்திக்கு எழுந்தபோது அவரும் எழுந்துபோய் கிராதியின் ஓரத்தில் முழங்காலிட்டார். பக்கத்தில் இருந்த பெரியவர் துண்டைச் சரிசெய்வதுபோல் எழுந்தார். அடுத்தவர் எழுந்தார். ஒரு நிமிசத்தில் அந்த நீளக் கிராதியில் சித்தப்பா ஒருத்தர்தான். ஐயர் அப்பத்தட்டோடு நின்றார். கொடுத்தார், கை நடுங்கியது. பாத்திரத்தை நீட்டியபோது சித்தப்பா குடித்தார். அப்பாயி பின்வரிசைப் பாயில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதது.

சாயங்காலம் ஐயர் சேரிக்கு வந்தார். திட்ட வரவில்லை. "தம்பி, முதல்ல குடிச்சா என்ன, கடைசில குடிச்சா என்ன? ரத்தம் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான்னா அவங்க எதுக்குங்கய்யா எந்திரிச்சாங்க?"

ஐயர் பேசவில்லை. அந்த ஐயரும் நம்ம ஆள்தான், வேற ஜில்லாச் சேரியில் பிறந்தவர். ராஜநாயக்கனுக்குக் கிடைக்காத பட்டம் அவருக்குக் கிடைத்திருந்தது. பட்டம் மட்டும் போதாது என்பதை அன்றைக்கு நான் பார்த்தேன். சித்தப்பா அதற்குப் பிறகு சாகும்வரைக்கும் இராப்போஜனம் எடுக்கவில்லை.

பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதம், 11ஆம் அதிகாரம். அபாத்திரமாய்ப் பானம்பண்ணாதே என்று ஐயர்மார் பயமுறுத்துவது அங்கிருந்துதான். சின்ன வயசில் அதைக் கேட்டு, பொய் சொன்னோமா, பென்சில் திருடினோமா என்று உள்ளுக்குள் தேடுவோம். ஆனால் அந்த அதிகாரத்தை முழுசாகப் படித்துப் பாருங்கள். பிரச்சினை பந்திதான். வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டு வெறித்துக் கிடக்கிறார்கள், இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் பவுலுக்குக் கோபம். யார் முதலில், யார் கடைசி என்பதைத்தான் அவர் அபாத்திரம் என்கிறார். ஆக, வரிசை வெளிக் காரியம் என்ற பேச்சே அந்தப் பந்தியில் எடுபடாது. வரிசையைத் தப்பாக வைத்துவிட்டால் அதற்குப் பேர் இராப்போஜனமே இல்லை என்றுதான் அவர் எழுதுகிறார்.

லுத்தரன் படிப்பிலேயே இதற்கு வழி உண்டு. கட்டளையும் இல்லாத தடையும் இல்லாத காரியங்களுக்கு அடியாபோரா என்று ஒரு கிரேக்கச் சொல் வைத்திருக்கிறார்கள். அங்கி போடலாமா, மெழுகுவர்த்தி ஏற்றலாமா மாதிரி. 1548இல் சக்கரவர்த்திக்குப் பயந்து பழைய சடங்குகளைத் திரும்ப ஏற்றபோது பெரிய சண்டை வந்தது. அந்த ஒப்பந்தத்தின் பேர் லைப்ஸிக் இடைக்கால ஏற்பாடு, ஊர் பேரைக் கவனியுங்கள். 1577இல் தீர்ப்புச் சொன்னார்கள்: சும்மா இருக்கும்போது சின்னக் காரியம்தான், ஆனால் விசுவாசத்தை அறிக்கை செய்யவேண்டிய நேரத்தில் எதிராளி அதை வைத்து நெருக்கினால் அது சின்னக் காரியம் இல்லை, விட்டுக்கொடுப்பது மறுதலிப்பு. இந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் 1977இல் தார் எஸ் சலாமில் கூடிய லுத்தரன் உலக சம்மேளனம், தென்னாப்பிரிக்க நிறவெறி வெறும் அரசியல் இல்லை, விசுவாசமே அங்கே பணயம் என்று அறிவித்தது. 1984இல் புடாபெஸ்டில், நிறவெறியை விடாத இரண்டு வெள்ளையர் சபைகளின் உறுப்புரிமையை நிறுத்தி வைத்தது. வெள்ளைக்காரன் கறுப்பனோடு ஒரே பந்தியில் முழங்காலிட மறுத்தால் மார்க்கக் காரியம், மேலத்தெரு சேரியோடு மறுத்தால் சமுதாய வழக்கமா?

இப்போது வரிசை பற்றி யாரும் பேசுவதில்லை. பேச அவசியமில்லாமல் செய்துவிட்டார்கள். 2020இல் கொரோனா வந்தது, கோயில் மூடிக் கிடந்தது, திறந்தபோது ஆளுக்கொரு பிளாஸ்டிக் கிண்ணம். அது நியாயம், வியாதிக்குப் பயப்படத்தான் வேணும். வியாதி போயும் கிண்ணம் போகவில்லை. "இனிமே யாருக்கும் மனவருத்தம் இல்லைல்ல?" என்று கமிட்டியில் ஒருவர் சந்தோசமாகச் சொன்னார். டீக்கடையில் இதைப் பார்த்திருக்கிறோம். இரட்டைக் குவளைக்கு எதிராகப் போராட்டம் வலுத்த ஊர்களில் சில கடைக்காரர்கள் குவளையையே ஒழித்துவிட்டு, குடித்துக் கசக்கி எறிகிற கப் வைத்தார்கள். தீண்டாமை ஒழிந்ததா? ஒருத்தன் எச்சிலை ஒருத்தன் தொடவேண்டிய கட்டாயம்தான் ஒழிந்தது. பொதுப் பாத்திரத்தின் பலம் அந்த எச்சில்தான். எனக்கு முந்தி உன் வாய் பட்டிருக்கிறது, தெரிந்தேதான் குடிக்கிறேன் என்று உடம்பு செய்கிற விசுவாச அறிக்கை அது. வாயால் சொல்கிற அறிக்கையில் ஏமாற்றலாம்.

தோழர்கள் கேட்பீர்கள், இவ்வளவும் தெரிந்து ஏன் இன்னும் அங்கே? 1956இல் அம்பேத்கர் காட்டிய வழி இல்லையா? கேட்கவேண்டிய கேள்விதான். அரசாங்கமும் அந்தக் கேள்வியைச் சான்றிதழில் கேட்கிறது. 1950இல் போட்ட குடியரசுத் தலைவர் ஆணை, 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் பட்டியலில் சேர்த்தது, நம்மைச் சேர்க்கவில்லை. கோயிலுக்குள் பறையன், தாலுகா ஆபீசில் பறையன் இல்லை. எங்கள் சேரியில் பாதிப் பேருக்கு ஞானஸ்நானப் பேர் ஒன்று, சர்ட்டிபிகேட் பேர் வேற. அதை வைத்து அவர்களைப் பொய்யர் என்று பிரசங்கம் செய்த ஐயரும் உண்டு.

என் பதில் நியாய சாஸ்திரம் இல்லை. அந்தக் கோயிலுக்கு ஓடு போட்டது எங்கள் வீட்டுப் பொம்பளைகள் உலையில் போடுமுன் எடுத்துவைத்த பிடி அரிசி. கல்லறையில் அப்பாயி இருக்கிறது. போகவேண்டியது நாங்களா? தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1829இல் சபையில் சாதியைத் திருத்த வேண்டாம் என்று வாதாடி எழுதியவர், அவர் கீர்த்தனையை எங்க அம்மா பாடினால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. இதை எப்படிப் பங்கு பிரிப்பது?

சொல்லவேண்டிய இன்னொன்றும் உண்டு. ஞாயிறுதோறும் பாவ அறிக்கை செய்கிறோம். எல்லாரும் ஒரே குரலில், பொதுவாக. பேர் சொல்லாத பாவத்துக்குப் பேர் சொல்லாத மன்னிப்பு. மேலத்தெரு சாதியை அறிக்கையிட்டதில்லை என்று நான் குறைபட்டேன். அன்றைக்கு என் மகள், "அப்பா, சேரிப் பந்தியில அப்பாயி எதுக்குக் கடைசி? நம்ம ஆம்பளைங்க ஏன் அதுக்கு முன்ன குடிச்சாங்க?" என்றாள். நான் அதுவரைக்கும் அதை யோசித்ததே இல்லை.

அவளுக்கு இந்த வருடம் திடப்படுத்தல். லுத்தரின் ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்கிறாள். ஒவ்வொரு பகுதிக்கும் அர்த்தம் என்ன என்று கேட்கிற புஸ்தகம் அது. அவளும் இன்னும் ஆறு பிள்ளைகளும் கையெழுத்துப் போட்டு, அதில் இரண்டு பேர் மேலத்தெருப் பிள்ளைகள், கமிட்டிக்கு ஒரு மனு கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்குப் பழைய பாத்திரம் வேண்டும், கிராதிக்கு யார் வேண்டுமானாலும் எந்த வரிசையிலும் வரவேண்டும், ஆண் பெண் உட்பட. பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்திருக்கிறது.

பாத்திரம் பீரோவில் இருக்கிறது. போன வாரம் சாவி வாங்கி எடுத்துப் பார்த்தேன், கறுத்துப்போயிருக்கிறது. கடைக்குப் போய் விபூதி வாங்கி வந்திருக்கிறேன். இந்தத் தடவை யார் தேய்ப்பது என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. மேலத்தெருப் பிள்ளைகள் இரண்டு பேரும் தாங்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம்.