மல்லாக்கப் போட்ட முயல்

வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளுக்கு நான் ஒரு வித்தை காட்டுவேன். பேத்தி ஆசைப்பட்டு வாங்கிய முயலைத் தூக்கி, மடியில் மல்லாக்கப் போட்டு, வயிற்றை இரண்டு தடவை தடவுவேன். அவ்வளவுதான். முன்னங்கால் மடங்கும், தலை பின்னால் சாயும், கண் திறந்தபடியே இருக்கும், உடம்பு அசையாது. "பாருங்க, சொக்கிப் போயிடுச்சு" என்பேன். "உங்ககிட்ட எவ்வளவு பாசம் சார்!" என்பார்கள். ஒருவர் காபியை ஆறவிட்டுவிட்டு செல்போனில் படம் பிடித்தார். ஐந்தாறு மாதம் இந்தக் கூத்து நடந்தது.

நான் சாமி கும்பிடாதவன். மகளுக்கு ராகுகாலத்தில் கல்யாணம் செய்துவைத்தவன். முயல் ரத்தத் தைலம் தேய்த்தால் முடி கருகருவென்று வளரும் என்று விற்றவனிடம், "உன் மண்டை ஏம்ப்பா இப்படி இருக்கு?" என்று நடுத்தெருவில் கேட்டவன். அப்பேர்ப்பட்டவன் மடியில் கிடந்த உயிரைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று ஊரைக் கேலி செய்வோம். என் கையில் நிஜமாகவே முயல் இருந்தது. நானும் எண்ணிப் பார்க்கவில்லை.

தடுப்பூசி விஷயமாகப் பேசப்போன இடத்தில் கால்நடை மருத்துவரிடமும் பெருமையாகச் செய்து காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "முதல்ல இறக்கி விடுங்க சார்" என்றார்.

ஓட வழியில்லை, உதைக்க முடியவில்லை, எதிரியின் பிடியில் அகப்பட்டாயிற்று என்கிற கட்டத்தில் முயலின் உடம்பு எடுக்கிற கடைசி ஆயுதமாம் அது. செத்ததுபோல் கிடந்தால் பிடி கொஞ்சம் தளரும், அந்த நொடியில் தப்பலாம். இப்படிக் கிடத்தப்பட்ட முயல்களைச் சோதித்தவர்கள், இதயத் துடிப்பு, மூச்சு, ரத்தத்தில் பதற்றத்தைக் காட்டும் ஹார்மோன் எல்லாமே ஏறியிருந்ததைக் கண்டிருக்கிறார்கள். அப்படியானால் காபி, முறுக்கோடு நாங்கள் வேடிக்கை பார்த்தது எதை?

முயலின் கண் எங்கே இருக்கிறது என்று பார்த்திருந்தாலே எனக்குப் பாதி விளங்கியிருக்கும். பூனைக்கும் நமக்கும் கண் முகத்தின் முன்னால், பிடிக்கிற சாதி. முயலுக்கு இரண்டு பக்கவாட்டில், பிடிபடுகிற சாதி. தலையைத் திருப்பாமலே பின்னால் வருகிறவன் அதற்குத் தெரிவான். ஆனால் மூக்குக்கு நேர் முன்னால் நீட்டுகிற விரல் தெரியாது. நாமோ சரியாக அங்கேதான் விரலை நீட்டுகிறோம். இல்லாவிட்டால் மேலேயிருந்து, பருந்து வருகிற திசையிலிருந்து, கையை இறக்குகிறோம். காட்டில் எவரும் முயலைக் கொஞ்சுவதற்காகத் தூக்கியதில்லை. தூக்கினால் தின்பதற்குத்தான். பிடிக்குள் திமிறி உதைத்தால், பின்னங்காலின் வலுவே அதன் முதுகெலும்பை ஒடித்துவிடக்கூடும். எலும்பு அவ்வளவு மெல்லிசு.

இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் "சாதுப் பிராணி" என்று சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல் முயலுக்கு என்ன வாங்கிக் கொடுத்தது தெரியுமா? 1944இல் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகத்தில் ஜான் டிரெய்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை முறையை வகுத்தார்கள். முகப்பூச்சிலும் ஷாம்புவிலும் சேர்க்கிற பொருள்களை வெள்ளை முயலின் கண்ணில் விட்டு, அது எவ்வளவு சிவக்கிறது, புண்ணாகிறது என்று மதிப்பெண் போடும் முறை. முயல் ஏன்? கண் பெரிசு. ஊற்றியதைக் கழுவிவிடுகிற அளவுக்குக் கண்ணீர் சுரக்காது. கையாள்வது சுலபம். 1980இல் ஹென்றி ஸ்பைரா என்கிற நியூயார்க் பள்ளி ஆசிரியர், பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் போட்டு அழகுசாதன உலகத்தையே கூண்டில் ஏற்றினார். இந்தியாவில் அழகுசாதனப் பொருள்களுக்காக விலங்குகளைச் சோதிப்பதற்குத் தடை வந்தது 2014இல். எழுபது வருஷம். கத்தியிருந்தால், கடித்திருந்தால் இவ்வளவு காலம் ஆகியிருக்குமா என்று யோசிக்கிறேன்.

நம் வீடுகளிலும் இந்த மதிப்பெண் உண்டு. "எங்க மருமக வாய் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டா, தங்கம்." "பையன் அப்பா முன்னாடி உக்காரக்கூட மாட்டான், அவ்வளவு மரியாதை." அந்தத் தங்கத்தின் நாடித்துடிப்பை யாராவது எண்ணியிருக்கிறார்களா?

நான் ஜீவகாருண்யம் பேச வரவில்லை. கறி தின்கிறவன். சொல்லப்போனால் கறிக்கு முயல் வளர்க்கிறவர் என்னைவிட யோக்கியர் என்றே நினைக்கிறேன். முயலிடமிருந்து தனக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியும், வெளியே சொல்லவும் செய்வார். எனக்கு வேண்டியிருந்தது அதன் பாசம். அதைக் கழுத்தைப் பிடித்து வாங்கிக்கொண்டிருந்தேன். அதற்குப் 'பஞ்சு' என்று பெயர் வைத்தோமே, அதிலேயே தப்பு ஆரம்பித்துவிட்டது. பஞ்சுக்கு இஷ்டம், இஷ்டமில்லை என்று ஒன்று உண்டா?

வித்தையை நிறுத்தினேன். கூண்டுக் கதவைத் திறந்துவைத்து, பக்கத்தில் அருகம்புல் ஒரு கைப்பிடி போட்டு, கூடத்துத் தரையில் பாயை விரித்துப் படுத்துப் பேப்பர் படித்தேன். கை நீட்டக் கூடாது, கூப்பிடக் கூடாது. எனக்கு நானே போட்ட சட்டம். முதல் மூன்று நாள் பீரோவுக்குப் பின்னாலிருந்து வரவேயில்லை. நான் இருமினால் பின்னங்காலால் தரையில் ஓங்கி ஒரு தட்டு. ஆபத்து என்று இனத்துக்குச் சொல்கிற தந்தி. இனம் என்று அங்கே யாருமில்லை. ஆபத்து மட்டும் பேப்பரோடு படுத்திருந்தது.

எட்டாம் நாள் ஞாயிறு இணைப்பின் ஓரத்தைக் கடித்து இழுத்தது. பிறகு கால் கட்டைவிரலை மூக்கால் ஒரு முட்டு முட்டி, நகரு என்றது. நகர்ந்தேன். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, நெற்றியில் ஒரு விரலை வைக்கவிட்டது. பல்லை மெதுவாக, கேட்டும் கேட்காமலும் நறநறத்தது. சுகமாக இருக்கிறதென்று அர்த்தம். இதே ஓசை பலமாக, உடம்பைக் குறுக்கிக்கொண்டு வந்தால் வலி. அரை நாள் புல்லைத் தொடாவிட்டால் காத்திருக்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும். நோவை மறைப்பதில் முயல் கெட்டிக்காரி.

அப்புறம் ஒருநாள் என் இடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தது, திடீரென்று தொப்பென்று பக்கவாட்டில் சரிந்தது. கால் நீட்டிவிட்டது. வயிறு தெரிந்தது. போய்விட்டது என்றே நினைத்துப் பதறி எழுந்தேன். நான் எழுந்த வேகத்தில் அது பீரோவுக்குப் பின்னால் இருந்தது. பிறகுதான் டாக்டர் போனில் சொன்னார்: எந்தப் பயமும் இல்லாத முயல்தான் அப்படி விழுந்து படுக்குமாம். மடியில் கிடந்ததையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் படமெடுத்து வைத்தால், பார்க்கிறவருக்கு வித்தியாசம் சொல்லத் தெரியாது. அந்தப் பதற்றத்துக்குத் தண்டனையாக மறுபடி நாலு நாள் பாயில் தனியாகக் கிடந்தேன்.

போன வாரம் பேத்தியின் சிநேகிதி வந்தாள். ஏழு வயசு.

"தாத்தா, தூக்கிக்கட்டுமா?"

"அதுகிட்ட கேளு."

"எப்படிக் கேக்கறது?"

தரையைக் காட்டினேன். குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டாள். முயல் எதிர்மூலையில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷம் போயிருக்கும். "வர மாட்டேங்குது" என்று எழுந்து டிவி பார்க்கப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அது வந்தது. அவள் கன்னம் பட்டிருந்த இடத்தை மோந்து பார்த்தது. தன் மோவாயை அங்கே இரண்டு தடவை தேய்த்து, தன் வாசனையை ஒட்டிவிட்டுப் போனது.