ஐந்து புள்ளிகளுக்கு ஒரு சரித்திரம்

ஒரு சமுதாயத்தின் துயரம் பரீட்சை வினாவாக மாறும்போது அதற்கு என்ன நேர்கிறது? அதனை எண்ணிட்டு மனனஞ் செய்து, எழுதிப் புள்ளி பெற்று, மறந்துவிடுவது அறமாகுமா? அத்துயரைச் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகளே அவ்வாறு செய்ய நேர்ந்தால் நாம் யாரை நோவது?

தலவாக்கலையில் நாம் தமிழ் கற்பிக்க வந்தவர்கள். அரசியல் ஆசிரியர் இல்லாக் குறையினால் உயர்தர வகுப்பின் அரசியல் விஞ்ஞானமும் நமது பொறுப்பாயிற்று. பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கையில், மாணவர் ஐவர் ஒரு லயத்து இஸ்தோப்பில் கூடிப் படிக்கத் தொடங்கினர். பணம் கொடுத்துத் தனியார் வகுப்புக்குச் செல்ல வழியற்ற பிள்ளைகளுக்குக் கூடிப் படிப்பதே தனியார் வகுப்பு. பாடத்தை ஐந்து கூறாக்கி, ஆளுக்கொன்றைக் கற்று, மற்றவருக்கு விளக்குவது அவர்கள் கண்ட முறை. ஞாயிறு மாலைகளில் நாமும் அங்குச் சென்றோம்.

அன்றைய பாடம் இலங்கையின் இன உறவுகள். “1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் விளைவுகள் ஐந்தினைக் குறிப்பிடுக.” விடை எல்லோரிடமும் இருந்தது, வகுப்பில் அதைச் சொல்லி எழுதுவித்தவர்கள் நாமேதான். மலையக மக்கள் நாடற்றவராயினர். 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டத்தால் வாக்குரிமையும் போயிற்று. 1947இல் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய அவர்களின் அமைப்பு 1952இல் ஒருவரையும் அனுப்ப முடியவில்லை. பின்னர் 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். அந்த எஞ்சியவர்களையும் 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன.

எண்களை ஒப்புவித்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி திடீரென நிறுத்தினாள். “சேர், எங்க அம்மாயி இதுல எந்தக் கணக்கு?”

அவளுடைய அம்மாயி காம்பராவினுள் அடுப்பருகே அமர்ந்திருந்தார். கொழுந்து பறித்தே முதுகு வளைந்தவர். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே இந்நாட்டின் பிரஜையானவர். ஐந்து விளைவுகளையும் எழுதுவித்த நாம், அவ்விளைவுகளுள் ஒருவர் சுவருக்கு அப்பால் தேநீர் வடித்துக்கொண்டிருப்பதை எண்ணிப் பார்த்ததில்லை. நமக்கு வெட்கமாக இருந்தது.

ஆனால் அன்று நிகழ்ந்தது அதனோடு முடியவில்லை. ஐவருள் ஒருவன் கடைவீதியில் வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு அவன் பங்கு. அவன் ஏதோ கேட்கப்போக, “ஒனக்கென்ன தெரியும்? இது எங்க கதை” என்றான் மற்றொருவன். அவன் பதில் பேசவில்லை. கொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனான். சிறிது நேரம் சென்று ஒரு பிள்ளை மெல்லச் சொல்லிற்று: “போகட்டும், மாவட்டத்துல போட்டிக்கு ஒரு ஆள் குறைவு.”

இன உறவுகளைப் படிக்கக் கூடியவர்கள் இன உறவில் தோற்றார்கள். இதற்கு வினாத்தாளில் புள்ளி இல்லை.

துயரம் அனுபவித்தவரின் சொத்தா? அவரே அதை முதலில் பேச வேண்டியவர். அவர் சொல்லுக்கே முதன்மை. இதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் பிறர் அறியலாகாது என்று வேலியிட்டால், அநீதி செய்தவனுக்கு அதனிலும் வசதி வேறில்லை. அந்தச் சட்டத்தின் வரலாறே இதைச் சொல்லும். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகச் சென்ற சி. வி. வேலுப்பிள்ளையும் அவருடைய தோழர்களும் பாராளுமன்றத்தில் தனித்து நிற்கவில்லை. சிங்களவரான இடதுசாரி உறுப்பினர்களும் சட்டத்தை எதிர்த்தனர். மறுபுறம், சட்டத்தைக் கொணர்ந்த அரசாங்கத்தின் அமைச்சரவையில் தமிழர்களும் அமர்ந்திருந்தனர். தோட்டத் தொழிலாளியின் வாக்கு யாருக்கு அச்சமூட்டியது என்று கேட்டால், இனத்தின் கோட்டுக்குக் குறுக்கே வர்க்கத்தின் கோடு ஓடுவது தெரியவரும். இவ்வுண்மை “எங்கள் கதை” என்ற வேலிக்குள் அடங்குவதன்று.

“ஏழைப் பிள்ளைக்குப் புள்ளி வேண்டும், தத்துவம் பிறகாகட்டும்” என்பார் உளர். இதை நாம் எள்ளி ஒதுக்க மாட்டோம். மாதச் சம்பளம் பெறும் ஆசிரியன், கொழுந்து பறிப்பவரின் மகளிடம் புள்ளியைத் துச்சமாகக் கருதச் சொல்வது அறமன்று, ஆணவம். மாவட்ட ஒதுக்கீட்டில் ஓர் இடம் அவளுடைய குடும்பத்துக்கே ஒரு வாசல். ஒரே வாங்கில் இருப்போரைப் போட்டியாளராக்கியது அவர்கள் குற்றமுமன்று. இடங்களைச் சுருக்கி வைத்த ஏற்பாட்டின் குற்றம். ஆனால் பிரித்து எண்ணுவதும், எண்ணியபின் ஒருவரை ஒருவர் மிஞ்சியவராகக் காண்பதும் 1964இன் கணக்கன்றோ? அதே கணக்கைப் பிள்ளைகள் தமக்குள் போட்டுப் பார்ப்பதை நாம் வாளாவிருந்து காணலாமா?

மறுநாள் அந்த மாணவியே கடைவீதிக்குச் சென்று அவனை அழைத்து வந்தாள். அடுத்த ஞாயிறு அவன் தன் பங்கை விளக்கினான். ஓரினத்துக்கு மட்டும் பாதகமான சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்றது 29ஆம் பிரிவு. அப்படியிருந்தும் கோடாக்கன்பிள்ளை வழக்கில் 1953இல் இலண்டன் கோமறைக் கழகம் பிரஜாவுரிமைச் சட்டம் செல்லும் எனத் தீர்த்தது. எழுத்தில் மட்டும் இருக்கும் பாதுகாப்பு எவ்வளவு தூரம் காக்கும் என்று கேட்டுவிட்டு, “எங்களுக்கும் இது தெரிஞ்சிருக்கணும்தானே” என்றான். அவனைத் தடுத்தவன் தலைகுனிந்து அதை எழுதிக்கொண்டான். பின்பு அம்மாயி இஸ்தோப்புக்கு வந்து, உறவினர் கப்பலேறிய நாளைப் பற்றிக் கூறினார். அன்று யாரும் குறிப்பெடுக்கவில்லை.

பரீட்சையில் அவர்கள் ஐந்து விளைவுகளையே எழுதியிருப்பர். எழுத வேண்டியதும் அதுவே. ஆயினும் மனனம் செய்தவற்றுக்கும் அறிந்தவற்றுக்கும் உள்ள வேற்றுமையை அந்த இஸ்தோப்பு கண்டது. மாற வேண்டியவர்களுள் முதல்வர் ஆசிரியராகிய நாமே. விடையைச் சொல்லி எழுதுவிப்பதற்கு முன், வகுப்பில் யார் வீட்டில் இதன் சாட்சி இருக்கிறார் என்றும், யார் இதை இன்னும் கேட்டதில்லை என்றும் ஒருமுறை வினவுவோம். இருவரையும் ஒரே வாங்கில் அமர்த்திய பின்னர் பாடத்தைத் தொடங்குவோம்.