மறந்துபோகப் போகும் ரோம்

ரோமில் பந்தியோனுக்குள் காலெடுத்து வைக்கும் பெரியவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். 43 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கும் கான்கிரீட் கூரை, உச்சியில் வானத்தைப் பார்த்துத் திறந்த ஒரு வட்டம். உள்ளே இரும்புக்கம்பி எதுவும் இல்லை. 1,900 ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது. நாலு வயதுக் குழந்தை ஒன்று பக்கத்தில் இருந்தால் அது தரையைத்தான் பார்க்கும். அந்த வட்டத்தின் வழியே விழும் மழைநீர் வடிவதற்காகத் தரைக்கல்லில் சின்னச் சின்னத் துளைகள் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் எங்கே போகிறது, அங்கே எலி இருக்குமா, எலிக்கு நீச்சல் தெரியுமா என்று கேள்விகள் நீண்டுகொண்டே போகும். வெளியே வந்து இரண்டு நிமிடம் நடந்தால் பெர்னினி வடிவமைத்த கல்யானை, 1667 முதல் முதுகில் எகிப்தியத் தூணைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

யானையைப் பார்த்தாயிற்று. அதோடு அன்றைய ரோம் முடிந்தது.

இப்படிப் போய்வந்த குடும்பத்திடம் ஊரில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "இந்த வயசுல கூட்டிட்டுப் போய் என்ன பிரயோஜனம்? அதுக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகுது?" கேட்பவர் மனத்தில் இருப்பது விமான டிக்கெட். மற்றபடி ரோம் குழந்தைகளுக்குத் தாராளமான ஊர்தான். கொலோசியத்தில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. நகரப் பேருந்தில் பத்து வயதுக்குக் கீழ் இலவசம். செலவாவது பெற்றோரின் இடுப்பு. சம்பியெத்ரீனி என்று அழைக்கப்படும் கருங்கல் பாவிய தெருக்களில் குழந்தையின் தள்ளுவண்டி ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு குதி குதிக்கும். நூறு அடி போனதும் குழந்தையை ஒரு கையிலும் மடக்கிய வண்டியை மறு கையிலும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

வரவு செலவுப் பேச்சுபோல வரும் அந்தக் கேள்விக்குள் வேறொன்று ஒளிந்திருக்கிறது. நினைவில் நிற்காத ஒன்று நமக்கு நடந்ததுதானா? அதை நம் வாழ்வில் சேர்க்கலாமா? இதைப் போட்டுக் குழப்பிக்கொண்ட ஒருவருக்கு ரோமிலேயே ஒரு கோயில் இருக்கிறது. பியாட்சா நவோனாவிலிருந்து சில நிமிட நடையில் சாந்த் அகோஸ்தீனோ, அதாவது புனித அகுஸ்தீனார் ஆலயம். அவருடைய தாய் மோனிக்காவின் எலும்புகள் அங்கேதான் இருக்கின்றன.

கி.பி. 354-இல் இன்றைய அல்ஜீரியாவில் பிறந்த அகுஸ்தீனார், நாற்பது வயதைத் தாண்டிய பின் 'கன்ஃபெசியோனெஸ்' என்ற நூலில் தன் கதையைக் கடவுளிடம் முறையிடுவதுபோல் சொல்கிறார். தொடக்கத்திலேயே முட்டிக்கொள்கிறார். பால் குடித்தது, அழுதது, தூக்கத்தில் சிரித்தது எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை. மற்றவர்கள் சொன்னதைக் கேட்டும் மற்றக் குழந்தைகளைப் பார்த்தும் தானும் இப்படித்தான் இருந்திருப்பேன் என்று நம்பிக்கொண்டார். கடைசியில் சலித்துப்போய், தாய் வயிற்றுக்குள் இருந்த காலத்தைப் போலவே இதையும் தன் வாழ்க்கையோடு சேர்த்துக்கொள்ள மனம் வரவில்லை என்கிறார். ஆனால் அதற்கு ஒருசில பத்திகள் முன்னால்தான், அந்தத் தாய்ப்பாலைக் கடவுளின் கருணை என்று உருகி வாழ்த்தியிருக்கிறார். குடித்தது நினைவில்லை, கடன்பட்டது மட்டும் உறுதியாகத் தெரிகிறது. தத்துவ ஆசிரியர்கள் இதை முரண்பாடு என்பார்கள். பிள்ளை பெற்றவர்களுக்கு இதில் முரணெதுவும் தெரியாது.

அறிவியல் இந்த மறதியை வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறது. பெரும்பாலோருக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முன்னால் எல்லாம் இருட்டு. ஃப்ராய்டு 1905-இல் இந்த மழலை மறதியைப் பற்றி எழுதினார். அவர் சொன்ன காரணத்தை இன்று பெரிதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் பாட்ரிசியா பாவர் செய்த ஆய்வு இன்னும் சுவையானது. மூன்று வயதுக் குழந்தைகள் தாயோடு பேசிய நிகழ்ச்சிகளைப் பதிவு செய்துகொண்டு, சில ஆண்டுகள் கழித்து அவர்களிடமே கேட்டார்கள். ஐந்திலிருந்து ஏழு வயது வரையிலான பிள்ளைகள் 60 சதவீதத்துக்கு மேல் நினைவு வைத்திருந்தார்கள். எட்டு, ஒன்பது வயதில் அது ஏறக்குறைய 35 சதவீதமாகச் சரிந்துவிட்டது. ஆக, குழந்தை மனத்தில் எதுவுமே பதியவில்லை என்பது தவறு. பதிகிறது, இருக்கிறது, பிறகு கரைகிறது. 2014-இல் டொரண்டோ ஆய்வாளர்கள் சுண்டெலிகளை வைத்துக் காட்டியது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்: மூளையின் நினைவுப் பகுதியில் புது நரம்பணுக்கள் வேகமாக உருவாகும்போது பழைய தடங்கள் அழிகின்றன. வீட்டைப் பெரிதாக்க முனையும்போது பழைய சுவரில் எழுதியிருந்த பென்சில் கிறுக்கல் போய்விடுவது மாதிரி.

சரி, கரைந்துபோனது ஒன்றும் செய்யாமலா போயிற்று?

அகுஸ்தீனார் அதே நூலில் நாலாம் பாகத்தில் சொல்லும் ஒரு சம்பவம் இதற்கு நேராக வந்து நிற்கிறது. அவருடைய இளமை நண்பன் ஒருவன் கடுமையான காய்ச்சலில் நினைவிழந்து கிடக்கிறான். பிழைக்கமாட்டான் என்று எண்ணி, அவனுக்குத் தெரியாமலே ஞானஸ்நானம் கொடுத்துவிடுகிறார்கள். அகுஸ்தீனாருக்கு அப்போது கிறிஸ்தவத்தில் பிடிப்பு இல்லை. நண்பனுக்குக் காய்ச்சல் தணிந்து கண் திறந்ததும், 'உனக்கே தெரியாமல் உன்னைக் குளிப்பாட்டிவிட்டார்கள் பார்த்தாயா' என்கிற தோரணையில் கேலி பேசுகிறார். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான் என்று எதிர்பார்த்தார். அவனோ எதிரியைப் பார்ப்பதுபோல் பார்த்தான். நண்பனாக இருக்க விரும்பினால் இப்படிப் பேசாதே என்று கண்டித்தான். சில நாளில் காய்ச்சல் திரும்பி வந்து இறந்துபோனான். தனக்கு நினைவே இல்லாத ஒன்றை அவன் தன்னுடையதாக எடுத்துக்கொண்டான். எல்லாவற்றையும் நினைவோடு செய்துகொண்டிருந்த அகுஸ்தீனார்தான் அங்கே வெளியாள்.

ரோமன் கத்தோலிக்கத் திருச்சபை அந்த நண்பனின் பக்கம் நிற்கிறது. வாழ்நாளில் ஒரே ஒருமுறை, திரும்பச் செய்யவே முடியாத சடங்கை, எவருக்கும் நினைவில் நிற்காத வயதில் செய்கிறது. ஏழு வயது நிறைந்தால்தான் பகுத்தறிவு வந்துவிட்டதாக அதன் சட்டம் கருதுகிறது. முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு அதுவரை காத்திருக்கச் சொல்லும் சபை, திருமுழுக்கு எனப்படும் ஞானஸ்நானத்துக்குக் காத்திருக்கச் சொல்வதில்லை. ஆண்டுதோறும் ஜனவரியில் போப்பாண்டவர் சிஸ்டைன் சிற்றாலயத்திலேயே கைக்குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுப்பது வழக்கமாகியிருக்கிறது. 2014-இல் போப் பிரான்சிஸ் 32 குழந்தைகளுக்குக் கொடுத்தார். பசியில் அழுதால் தயங்காமல் அங்கேயே பால் கொடுங்கள் என்று தாய்மாரிடம் சொன்னார். மற்ற நாளில் அதே இடத்தில் சுற்றுலாக்காரர்கள் குசுகுசுத்தாலே காவலர்கள் அதட்டுவார்கள். மைக்கேலாஞ்சலோவின் ஆதாமுக்குக் கீழே நின்று முழுத்தொண்டையில் அழ உரிமை பெற்றவர்கள் அந்தப் பிள்ளைகள் மட்டும்தான். அவர்களில் ஒருவருக்கும் அது ஞாபகம் இருக்கப்போவதில்லை.

இதை வைத்துக்கொண்டு, சின்னக் குழந்தையை எங்கு வேண்டுமானாலும் இழுத்துக்கொண்டு போகலாம் என்று வாதாடிவிட முடியாது. ஞாபகத்தை அளவுகோலாக வைப்பதில் ஓர் ஆபத்தான மறுபக்கம் உண்டு. 1980-கள் வரை பல மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைகளுக்கு மயக்க மருந்து சரியாகக் கொடுக்காமலே அறுவை சிகிச்சை செய்தார்கள். வலி முழுதாகத் தெரியாது, தெரிந்தாலும் நினைவிருக்காது என்பது அப்போதைய எண்ணம். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 1987-இல்தான் அப்படிச் செய்யக்கூடாது என்று திட்டவட்டமாக அறிவித்தது. நினைவில் நிற்காத வலி கணக்கில் வராது என்று சொன்னால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சி தேவையில்லை. மறந்துபோன வலி வலிதான் என்றால், மறந்துபோன சந்தோஷமும் சந்தோஷம்தான். இரண்டில் ஒன்றை மட்டும் ஏற்றுக்கொள்வது நியாயமாகாது.

அப்படியானால் வத்திக்கான் அருங்காட்சியகத்தில் கால் கடுத்து அழும் பிள்ளையை, இன்னும் நாலு கூடம்தான் என்று தரதரவென்று இழுத்துப்போகும் தகப்பனுக்கும் தப்பிக்க வழியில்லை. பெரியவனானதும் மறந்துவிடுவான் என்று அவர் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. மறப்பதாலேயே அந்த மத்தியானத்துக்கு வேறு சாட்சி கிடையாது; அவன் அழுதது அப்போதே, அங்கேயே முழுசாக நடந்து முடிந்தது. அதுபோலத்தான் தெருக்குழாயில் விளையாடியதும். நசோனி, அதாவது பெரிய மூக்குகள், என்று ரோமாபுரிக்காரர்கள் செல்லமாக அழைக்கும் வார்ப்பிரும்புக் குழாய்கள் 1874 முதல் நகரமெங்கும் நிற்கின்றன. இன்று ஏறக்குறைய 2,500. வளைந்த மூக்கின் நுனியை விரலால் அடைத்தால், மேலே உள்ள சிறு ஓட்டை வழியே தண்ணீர் வில்லாகப் பீய்ச்சும். இதைக் கண்டுபிடித்த குழந்தைக்கு அதற்குப் பிறகு கொலோசியம் எதற்கு?

பெற்றோர் நேர்மையாக இருந்தால் இன்னொன்றையும் ஒப்புக்கொள்வார்கள். ஞாபகம் பற்றிய கவலையில் பாதி தங்களுக்காகத்தான். ஆயிரம் படம் எடுப்பது பிள்ளை பிற்காலத்தில் நன்றி சொல்வதற்கான ரசீது. 'பாரு, உன்னை எங்கெல்லாம் கூட்டிட்டுப் போனோம்!' படம் எடுப்பதில் தவறில்லை. படத்தைக் காட்டி வசூல் செய்வதுதான் கொஞ்சம் கூச்சமான காரியம்.

சாந்த் அகோஸ்தீனோவுக்குள் நுழைந்தால் இடப்பக்கம் முதல் சிற்றாலயத்தில் கரவாஜ்ஜோவின் ஓவியம் இருக்கிறது. 1604-க்கும் 1606-க்கும் இடைப்பட்டது. வீட்டு வாசலில் வெறுங்காலோடு மரியாள். கையில் குழந்தை இயேசு. கைக்குழந்தைப் பருவம் எப்போதோ தாண்டிய, கனத்த பிள்ளை. தூக்கிக்கொண்டு நிற்கும் தாயின் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. தள்ளுவண்டி மடக்கியபின் ரோமில் நடக்கும் எந்தத் தாயும் அந்தச் சாய்வை அடையாளம் காண்பாள். எதிரே இரண்டு ஏழை யாத்திரிகர்கள் மண்டியிட்டிருக்கிறார்கள். ஒருவருடைய அழுக்கேறிய உள்ளங்கால் பார்ப்பவர் முகத்துக்கு நேராகத் தெரியும். இதைப் பார்த்துப் பாமர மக்கள் பெரும் கூச்சல் போட்டார்கள் என்று கரவாஜ்ஜோவின் போட்டியாளர் பாலியோனே எரிச்சலோடு எழுதிவைத்தார். குழந்தைகளும் முதலில் பார்ப்பது அந்தக் காலைத்தான். கலை விமர்சகர் பெரிதுபடுத்தும் இடத்துக்கு அவர்கள் யாரும் சொல்லாமலே போய்ச் சேருகிறார்கள்.

ஆலயத்தின் உட்பகுதியில் மோனிக்காவின் கல்லறை. அவர் இறந்தது ரோமில் அல்ல, அதன் துறைமுகமான ஓஸ்தியாவில், 387-இல். ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறக் காத்திருந்த இடத்தில் காய்ச்சல் வந்தது. சொந்த மண்ணில் அடக்கம் ஆகாமல் போகிறாரே என்று மகன் ஒருவர் வருந்தியபோது, இந்த உடம்பை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், நீங்கள் எங்கிருந்தாலும் ஆண்டவரின் பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள், அது போதும் என்ற கருத்தில் சொன்னாராம். அவர் உயிர் பிரிந்ததும் பேரன் அதேயோதாத்துஸ் வாய்விட்டு அழுதான். பெரியவர்கள் சேர்ந்து அவனை அடக்கினார்கள். அகுஸ்தீனாரும் கண்ணீரை விழுங்கிக்கொண்டு நின்றார். அழவேண்டிய விதத்தில் அழுதவன் அந்த வீட்டில் அந்தப் பையன்தான்.

1430-இல் எலும்புகளை ரோமுக்குக் கொண்டுபோனபின் ஓஸ்தியாவில் மிச்சமிருந்தது ஒன்றுமில்லை என்றே தோன்றியது. ரோமிலிருந்து அரைமணி நேர ரயில் பயணத்தில் வரும் ஓஸ்தியா அந்திகா இன்று குழந்தைகளோடு போகச் சரியான இடம். கொலோசியம்போல் வரிசை இல்லை. பைன் மரங்களுக்கு நடுவே கல் பாவிய பழைய தெருக்கள் நீண்டு கிடக்கும். நெப்டியூன் குளியல் மண்டபத் தரையில் கறுப்பு வெள்ளைக் கல் பதித்த கடற்குதிரைகள் பாயும். அருகே சாந்தா அவுரேயா என்ற சிறு தேவாலயம். 1945 கோடையில் அதன் முற்றத்தில் இரண்டு பையன்கள் பந்து விளையாட்டுக்குக் கம்பம் நடக் குழி தோண்டினார்கள். உள்ளிருந்து ஒரு பளிங்குத் துண்டு வந்தது, மேலே லத்தீன் எழுத்து. மோனிக்காவின் கல்லறை வாசகம் அது. கல் உடைந்திருந்தது, வரிகள் பாதியில் நின்றன. இடைக்காலத்தில் அந்த வாசகத்தைக் கண்ட யாரோ ஏட்டில் படியெடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் படிகளைப் பக்கத்தில் வைத்துத்தான் அறிஞர்கள் கல் இழந்த சொற்களை நிரப்பிப் படித்தார்கள். துண்டு இப்போது அந்தத் தேவாலயத்துக்குள் இருக்கிறது.