இயற்கையின் கணக்கும் மனிதனின் பொறுப்பும்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்கள் 2010-களின் தொடக்கத்தில், காடுகளிலிருந்தும் புதர்நிலங்களிலிருந்தும் காற்றில் கலக்கும் வாயுக்களின் அளவைத் தத்தம் நிலப்பகுதிக்கு ஏற்பத் திருத்தி மதிப்பிடுவதற்குத் தனியார் ஆலோசகர்களை அமர்த்தின. பார்வைக்கு இது தொழில்நுட்ப ஒப்பந்தம் மட்டுமே என்றாலும், மனிதன் செய்ததற்கும் தானே நிகழ்ந்ததற்கும் இடையிலுள்ள எல்லை உலகிலேயே அமைந்து கிடப்பதா, பொறுப்பைப் பங்கிடுவதற்காக மனிதர் வரைந்துகொள்வதா என்னும் தத்துவ வினா அதனுள் அடங்கியிருக்கிறது.

அவ்வினாவை எழுப்பியது சட்டமே. 1977-இல் திருத்தப்பட்ட தூய காற்றுச் சட்டம், தேசியப் பூங்காக்களிலும் காப்புக் கானகங்களிலும் மனிதர் உண்டாக்கிய மாசினால் தொலைதூரக் காட்சி மங்குவதை நீக்குவது நாட்டின் இலக்கு என்று அறிவித்தது. 1999-இல் வந்த விதி, கிராண்ட் கேன்யன் உள்ளிட்ட 156 இடங்களில் 2064-ஆம் ஆண்டுக்குள் காற்று தன் இயல்பான தெளிவை எய்தவேண்டும் என்று காலவரையும் குறித்தது. மனிதர் இல்லாவிட்டால் காற்று எவ்வளவு தெளிவாக இருந்திருக்கும் என்பதை எவரும் அளந்து பார்க்க முடியாது. ஆகவே அது கணித்துப் பெறவேண்டிய எண்ணாகிறது, இயற்கையாகவே உள்ள மங்கலின் மதிப்பீடு உயர உயர ஆலைகளும் ஊர்திகளும் குறைக்கவேண்டிய பங்கு சிறுத்துவிடுகிறது.

செடிகொடிகள் காற்றை மாற்றுகின்றன என்பதில் ஐயமில்லை. காடுகளின் மேல் தோன்றும் நீலப் புகைமூட்டம், தாவரங்கள் வெளியிடும் கரிமச் சேர்மங்களால் உண்டாவதே என்று தாவரவியலாளர் ஃப்ரிட்ஸ் வென்ட் 1960-இல் எழுதினார். அச்சேர்மங்களுள் தலையாயது, ஓக், பாப்லர் போன்ற மரங்களின் இலைகள் வெயிலிலும் வெப்பத்திலும் மிகுதியாக விடும் ஐசோபிரீன் என்னும் வாயு. உலகெங்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 கோடி டன் வெளியாவதாக மதிப்பிடப்படுகிறது. இலைப்பரப்பு, தாவர வகை, வெப்பநிலை, ஒளி ஆகியவற்றைக் கொண்டு இதைக் கணிக்கும் 'மெகன்' என்னும் கணினி மாதிரியைத் திருத்துவதே ஆலோசகர்களின் வேலை. அவ்வளவில் அது நேரிய அறிவியல், அதற்குச் செலவிடும் பணமும் வீணன்று. ஆயினும் ஐசோபிரீன், பெரும்பாலும் எரிபொருள் எரிவதால் பிறக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளுடன் வெயிலில் வினைபுரிந்தால்தான் நிலமட்டத்தில் ஓசோன் மாசு பெருகுகிறது. மரங்களே பெரும் மாசுபடுத்திகள் என்னும் பொருள்பட, அமெரிக்க அதிபராக இருந்த ரொனால்ட் ரேகன் பேசியது நகைப்புக்குள்ளானதற்குக் காரணம், இரு கைகள் சேர்ந்து எழுப்பிய ஓசையை ஒரு கையின் மேல் ஏற்றியதுதான்.

இயற்கை என்பதை இருவகையாகக் கொள்ளலாம் என்று ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில், அவர் மறைந்தபின் 1874-இல் வெளியான கட்டுரையில் காட்டினார்: உள்ளவை அனைத்தும் இயற்கை என்பது ஒன்று, மனிதரின் தலையீடின்றி நிகழ்வன மட்டுமே இயற்கை என்பது மற்றொன்று. புத்தியையும் அகங்காரத்தையும்கூடப் பிரகிருதி என்னும் மூலப்பொருளின் விளைவுகளாகக் கொள்ளும் சாங்கியத் தத்துவம் முதல் வகைக்கு அருகில் நிற்கிறது. ஆனால் அவ்வகையில் அனல்மின் நிலையமும் இயற்கையே ஆகிவிடுமாதலால் சட்டத்துக்கு அது உதவாது. சட்டம் நம்பியிருக்கும் இரண்டாம் வகையோ களத்தில் நிலைகுலைகிறது. கலிஃபோர்னியாவின் ஓவன்ஸ் ஏரியிலிருந்து தூசியை எழுப்புவது காற்று. 1913 முதல் அதற்கு வரும் ஆற்று நீரை லாஸ் ஏஞ்சலஸ் நகரம் கால்வாயில் திருப்பிக்கொண்டதால் ஏரியை வறளச் செய்தது மனிதர். காட்டுத்தீயின் நிலையும் இதுவே. எந்தத் தீயையும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அடக்கிவிடவேண்டும் என்று 1935-இல் வனத்துறை வகுத்த விதியால் காடுகளில் சருகும் சுள்ளியும் பல பத்தாண்டுகள் குவிந்தன. இன்று அங்கே மின்னல் மூட்டும் பெருந்தீயில் மின்னலின் பங்கு எது, அந்த விதியின் பங்கு எது என்று பிரிக்க எந்தக் கருவியும் இல்லை.

கருவி இல்லாத இடத்தைத் தீர்மானம் நிரப்பியது. மேற்கு மாநிலங்களின் கூட்டமைப்பு 2001-இல் வகுத்த கொள்கைப்படி, நலமாக உள்ள காட்டைப் பேணுவதற்கு மனிதர் மூட்டும் தீ இயற்கை. சீர்குலைந்த காட்டை மீட்பதற்கு மூட்டும் தீ மனிதச் செயல். தொல்குடியினர் சடங்குக்காக வளர்க்கும் தீ இயற்கை. ஒரே மரத்தின் புகை நோக்கத்துக்கேற்ப இரு பத்திகளில் எழுதப்படுகிறது. தொல்குடியினரின் வழிபாட்டுரிமையைக் காப்பது நல்லதே, எனினும் அவர்களுடைய சடங்குத் தீயை இயற்கையின் பத்தியில் வைப்பது மரியாதையா, மனிதச் செயல்களின் வட்டத்துக்கு வெளியே அவர்களை நிறுத்துவதா என்பது எளிதில் விடை காணக்கூடியதன்று.

ஆகவே இக்கணக்கில் இயற்கை என்று எழுதப்படுவது, எவரும் பதில் சொல்லத் தேவையில்லாதது என்னும் தீர்ப்பையும் சேர்த்தே குறிக்கிறது. இலை விடும் வாயுவின் அளவை ஆலோசகர் சொல்லலாம். யார் பதில் சொல்லவேண்டும் என்பதை அவர் சொல்ல முடியாது, சொல்லுமாறு அவரிடம் விடுவதும் தகாது, ஏனெனில் அவரை எந்த வாக்காளரும் கேள்வி கேட்க இயலாது. இத்தகைய அறிக்கையைக் கேட்டுப்பெறும் அரசு, அதிலுள்ள எந்த எண்கள் அளந்து கண்டவை, எவை கொள்கையால் இயற்கையின் பக்கம் சேர்க்கப்பட்டவை என்பதைத் தனித்தனியே பிரித்து, பின்னவற்றுக்குத் தன் பெயரிலேயே காரணம் எழுதி மக்கள் முன் வைக்கவேண்டும்.