அளந்தவர் கடன்

ஒருவரின் விரலில் ஊசி குத்தி, ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, கருவி காட்டும் எண்ணை அவரிடம் சொல்லிவிடுகிறோம். அதன்பிறகு அவருக்கு நாம் ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா? இல்லை, எண்ணைச் சொன்னதோடு நம் வேலை முடிந்ததா?

கேள்வி சின்னதுதான். ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு செமஸ்டரும் யாராவது சில மாணவர்கள் இந்தக் கேள்வியைக் கடந்து போகிறார்கள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கோயில் மண்டபம், கிள்ளானில் ஒரு மலிவு விலை அடுக்குமாடியின் கீழ்த்தளம். நான்கு மேசை, ஒரு பேனர், எடை பார்க்கும் கருவி, இரத்த அழுத்தம், சர்க்கரை, கடைசியில் ஒரு பொட்டலம் மீ ஹூன். மருத்துவ மாணவர்களும் பொதுச் சுகாதாரம் படிக்கும் முதுகலை மாணவர்களும் மேசைக்குப் பின்னால் உட்காருவார்கள். நாற்காலி அடுக்க, பாரம் நிரப்ப, மொழிபெயர்க்க மற்ற துறைப் பிள்ளைகள் வருவார்கள். பொறியியல் படித்த நான் அந்த இரண்டாம் வகை. வேலைக்கு வந்த பிறகும் நண்பர்கள் கூப்பிட்டால் போவதுண்டு.

இந்த முகாம்களைக் கிண்டல் செய்வது சுலபம். 'எல்லாம் மெரிட் புள்ளிக்காகத்தான் லா' என்பார்கள். ஹாஸ்டல் இடம் போய்விடக் கூடாது, ரெஸ்யூமேயில் ஒரு வரி வேண்டும், ஒய்.பி.யோடு ஒரு படம் வேண்டும். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நோக்கத்தைப் பற்றிய இந்தக் கேள்வி என்னைப் பெரிதாகத் தொந்தரவு செய்ததில்லை. மெரிட்டுக்காகக் குத்தினாலும் அன்புக்காகக் குத்தினாலும் கருவி ஒரே எண்ணைத்தான் காட்டும். அந்த எண்ணுக்கு மதிப்பும் உண்டு. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே விகிதம் மற்ற இனத்தவரைவிட அதிகம். மொத்தத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது தங்களுக்கு இருப்பதே தெரியாது. தெரியாத ஒருவருக்குத் தெரிய வைப்பது நல்ல காரியம். ஆகவே முகாம் வேண்டாம் என்பது என் கட்சி இல்லை.

என் சிக்கல் வேறு இடத்தில் ஆரம்பித்தது. கிள்ளானில் ஒரு அடுக்குமாடியில் நடந்த முகாம். வரிசையில் வந்த ஒரு ஆன்ட்டி விரலை நீட்டியபடியே கேட்டார்: "தம்பி, போன வருஷமும் வந்தீங்க. அதுக்கு முந்துன வருஷமும் வந்தீங்க. மெஷினு பன்னெண்டு, பதிமூணுன்னுதான் சொல்லுது. எனக்கு இனிப்பு நீர்னு எனக்கே தெரியும்யா. நீங்க என்னா செய்யப் போறீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஒரு பேரங்காடியில் துப்புரவு வேலை, குத்தகை நிறுவனத்தின் கீழ். அரசாங்கக் கிளினிக்கில் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான், அது அவருக்குப் பெரிதில்லை. காலையில் போய் எண் எடுத்துக் காத்திருந்தால் அன்றைய சம்பளம் போய்விடும், அதுதான் பெரிது. போக வர கிராப் காசு வேறு. 'டாக்டரைப் பாருங்கள்' என்று அச்சடித்த துண்டுச்சீட்டை மூன்றாவது ஆண்டாக அவர் கையில் கொடுத்தோம். முந்தைய ஆண்டுகளின் பட்டியல் எங்கே என்று அன்று மாலை கேட்டபோது, அது முன்னாள் செயலாளரின் பழைய மடிக்கணினியில் இருந்ததாகவும், அவர் படிப்பு முடித்துப் போய்விட்டதாகவும் தெரிந்தது.

பொதுச் சுகாதார முதுகலை படித்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். இது புதுக் கேள்வி இல்லை என்றார். வில்சன், யுங்னர் என்ற இருவர் எழுதி உலகச் சுகாதார நிறுவனம் 1968இல் வெளியிட்ட பத்து நெறிகளை எனக்குக் காட்டினார். அறிகுறி தெரியாதவர்களிடம் நோயைத் தேடிப் போகும் முன் யோசிக்க வேண்டியவை அவை. நோய் முக்கியமானதாக இருக்க வேண்டும், அதற்கு ஏற்கப்பட்ட சிகிச்சை இருக்க வேண்டும், கண்டறிந்து குணப்படுத்த வசதி இருக்க வேண்டும் என்று போகிறது பட்டியல். பத்தாவதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது: நோயாளியைத் தேடுவது தொடர்ந்து நடக்கும் வேலையாக இருக்க வேண்டும், ஒருதடவை செய்து முடிக்கும் திட்டமாக இருக்கக் கூடாது.

பொதுச் சுகாதாரம் மருத்துவத்திலிருந்து பிரிந்து தனிப் படிப்பானதற்கே இதில் ஒரு காரணம் இருக்கிறது. 1916இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அதற்கென்று தனிப் பள்ளியை நிறுவியது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பு மருத்துவ பீடத்தின் சமூக, தடுப்பு மருத்துவத் துறையில் நடக்கிறது. மருத்துவருக்கு நோயாளி ஒரு ஆள். பொதுச் சுகாதாரக்காரருக்கு நோயாளி ஒரு ஊர். ஆள் வீட்டுக்குப் போய்விடுவார், ஊர் அங்கேயேதான் இருக்கும்.

இதற்கு நல்ல உதாரணம் கிள்ளானிலேயே இருக்கிறது. மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1901இல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்தார். மலேரியாவைப் பரப்புவது கொசு என்று ரொனால்ட் ராஸ் கண்டறிந்து நான்கு ஆண்டுகள்கூட ஆகவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் இன்றைய போர்ட் கிள்ளான், அன்றைய சுவெட்டன்ஹாம் துறைமுகம், திறக்கப்பட்டது. திறந்த வேகத்தில் காய்ச்சல் கூலிகளையும் அதிகாரிகளையும் ஒருசேரச் சாய்த்தது. வாட்சன் மருத்துவமனைக்கு வந்த காய்ச்சல்காரர்களை எண்ணினார். எண்ணியதோடு நிற்காமல், சதுப்பு நிலத்தை வடித்துக் கால்வாய் வெட்டச் சொன்னார். வெட்டினார்கள். அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் அதே எண்ணை அவர் திரும்பத் திரும்ப எடுத்தார். 1901இல் நூற்றுக்கணக்கில் இருந்த மலேரியா நோயாளிகள் 1905இல் ஒன்றிரண்டு பத்துகளாகச் சுருங்கினார்கள்.

வாட்சனின் எசமானர்களுக்கு நம் தாத்தாக்கள்மேல் பாசம் பொங்கியது என்று யாரும் நினைக்க வேண்டாம். துறைமுகம் நடக்க வேண்டும், ரப்பர் கப்பலேற வேண்டும், அதற்கு ஆள் உயிரோடு இருக்க வேண்டும். அவர்கள் நோக்கம் சுத்தமில்லை. ஆனாலும் கால்வாய் வெட்டப்பட்டது. அதனால்தான் நோக்கத்தைப் பற்றிய கேள்வி எனக்குப் பெரிதாகப் படவில்லை என்றேன். வாட்சனிடமிருந்து நம் முகாம்களைப் பிரிப்பது மனசின் தூய்மை இல்லை. அவர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தார், அந்த எண்ணை எது உண்டாக்குகிறது என்று கேட்டார்.

மாணவர்களும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டார்கள். 1974இல் கெடா மாநிலத்தின் பாலிங்கில் ரப்பர் விலை விழுந்து சிறுதோட்டக்காரர்கள் பட்டினியில் தவித்தபோது, மாணவர்கள் அரிசி மூட்டையோடு மட்டும் நிற்கவில்லை. விலை ஏன் விழுந்தது, அரசாங்கம் என்ன செய்கிறது என்று கேட்டுக் கோலாலம்பூர்த் தெருவுக்கு வந்தார்கள். டிசம்பர் 3ஆம் தேதி சிலாங்கூர் கிளப் திடலில் கூடியவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். ஜொகூர் பாருவில் தாசெக் உத்தாரா புறம்போக்குக் குடியிருப்பாளர்களுக்காகப் போராடிய மலாயாப் பல்கலைக்கழக மாணவர் சங்கம் அந்த ஆண்டே முடக்கப்பட்டது. 1971இல் வந்த பல்கலைக்கழகச் சட்டம் 1975இல் இன்னும் இறுகியது. நம் மாணவர் அமைப்புகள் நிகழ்ச்சி நடத்தும் குழுக்களாக மாறியதற்குச் சட்டம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எது ஆபத்தில்லாதது என்பதை அது இரண்டு, மூன்று தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தது. கொடுப்பது ஆபத்தில்லை, கேட்பது ஆபத்து. 2018இன் இறுதியில் நாடாளுமன்றம் வளாக அரசியலுக்கு இருந்த தடையை நீக்கியது. மறு ஆண்டு மலாயாப் பல்கலைக்கழகத்தில் மாணவர் சங்கம் திரும்பி வந்தது. சட்டம் தளர்ந்துவிட்டது. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் தளரவில்லை. கெர்த்தாஸ் கெர்ஜாவில் 'எத்தனை பேர் பயன் பெறுவார்கள்' என்று எழுதுகிறோம். 'ஏன் இத்தனை பேருக்கு நோய்' என்று எழுத அதில் கட்டம் இல்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். மாணவர் அமைப்பின் நிர்வாகக் குழு ஒரு வருஷத்துக்குத்தான். முதுகலை மாணவர்களில் பலர் ஓராண்டு, ஈராண்டில் கிளம்பிவிடுவார்கள். இந்த ஆண்டு விரல் குத்தியவருக்கும் அடுத்த ஆண்டு வருகிறவருக்கும் என்ன சம்பந்தம்? போனவர் பட்ட கடனை வந்தவர் ஏன் அடைக்க வேண்டும்?

இந்த மறுப்பை நான் நெடுநாள் யோசித்தேன். பதில் எங்கள் பேனரிலேயே இருந்தது. 'தொடர்ந்து எட்டாவது ஆண்டாக' என்று பெரிய எழுத்தில் போடுகிறோம். முதல் ஆண்டு முகாம் நடந்தபோது அந்தக் குழுவில் இருந்த யாரும் பல்கலைக்கழகத்தில்கூட இல்லை. ஆனாலும் அந்தப் பெருமையை எடுத்துக்கொள்கிறோம், அதைக் காட்டி நன்கொடை கேட்கிறோம். போன ஆண்டின் பெருமைக்கு வாரிசு என்றால் போன ஆண்டின் கடனுக்கும் வாரிசுதான். வீட்டை எடுத்துக்கொண்டு அடமானத்தை மட்டும் அண்ணன் தலையில் கட்ட முடியாது. ஆள் மாறினாலும் கடமை மாறாத அமைப்புகள் நமக்குப் புதிதும் இல்லை. கோயில் நிர்வாகத்தில் எத்தனையோ சண்டை நடந்து ஆட்கள் மாறுகிறார்கள், அதற்காகத் திருவிழா நின்றுவிடுவதில்லை. யார் வந்தாலும் செய்தாக வேண்டியவை என்று சில அங்கே இருக்கின்றன.

என் தொழிலில் இது இன்னும் கறாராக இருக்கும். கட்டடத்தைச் சோதித்து 'விரிசல் இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், அன்றிலிருந்து அந்த விரிசலில் எனக்கும் பங்கு உண்டு. பார்க்காதவன் தெரியாது என்று சொல்லலாம், பார்த்தவனுக்கு அந்த வசதி போய்விடுகிறது. மனிதரை அளப்பதிலும் அப்படித்தான். பன்னிரண்டு என்ற எண் அந்த ஆன்ட்டிக்கு முன்பே தெரியும். அன்று புதிதாகத் தெரிந்துகொண்டவர்கள் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள்தான்.

அப்படியானால் கடனை எப்படி அடைப்பது? சர்க்கரையை இறக்குவது மாணவர்களால் ஆகாது. ஆனால் முந்நூறு பேரைப் பார்ப்பதற்குப் பதில் ஒரே புளோக்கில் நாற்பது பேரைப் பார்க்கலாம். சம்மதம் கேட்டுப் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிப் பத்திரமாக வைக்கலாம். இரண்டு வாரம் கழித்துப் போன் போட்டு 'கிளினிக் போனீங்களா ஆன்ட்டி?' என்று கேட்கலாம். போகாதவர்கள் சொல்லும் காரணங்களைத் தொகுத்தால், நாற்பதில் எத்தனை பேருக்குச் சம்பளம் தடை, எத்தனை பேருக்கு வண்டி தடை என்று தெரியும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கும், குத்தகை நிறுவனத்துக்கும், தொகுதி ஒய்.பி.க்கும் போகலாம். வாட்சன் வெட்டச் சொன்ன கால்வாய்க்கு இன்றைய பெயர் அரை நாள் சம்பளத்தோடு விடுப்பாக இருக்கலாம், மாலை நேரக் கிளினிக்காக இருக்கலாம்.

இதில் நஷ்டம் உண்டு. ஆண்டறிக்கையில் எண்ணிக்கை குறையும், படம் நன்றாக வராது. தேர்வு நெருங்கும் நேரத்தில் இருபத்தொரு வயதுப் பிள்ளைமீது இப்படியொரு பாரத்தை ஏற்றினால், 'நமக்கெதுக்கு வம்பு' என்று முகாமே நடத்தாமல் போகலாம் என்ற பயம் எனக்கும் இருக்கிறது. அதனால்தான் நாற்பது என்கிறேன். திரும்பிப் போய்ப் பார்க்க முடிந்த அளவுக்கு அளந்தால் போதும்.

நம் பல்கலைக்கழகங்களில் நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு கூட்டம் போடுவோம், அதற்கு 'போஸ்ட்மார்ட்டம்' என்று பெயர். சாப்பாடு பத்தவில்லை, மைக் வேலை செய்யவில்லை, ஒய்.பி. தாமதமாக வந்தார் என்று பேசுவோம். அந்தக் கூட்டத்தில் இன்னும் ஒரு கேள்விக்கு இடம் கொடுத்தால் போதும்: பட்டியல் இனி யார் கையில்?