டார்ச்சை எங்கே பிடிப்பது

ஓரிக்கை என்ற பெயருக்கு எங்கள் ஊரில் சொல்லப்படும் கதை ஓர் இரவைப் பற்றியது. பல்லவ மன்னன் நாடு கடத்திய கணிகண்ணனோடு அவன் குரு திருமழிசையாழ்வாரும் கிளம்புகிறார். ஆழ்வார் சொன்னதும் திருவெஃகாப் பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடக்கிறார். அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம் ஓரிரவிருக்கை. அது தேய்ந்து ஓரிக்கை. இந்த நேரத்தில் எங்கே போகிறீர்கள் என்று அவர்களை யாரும் கேட்டதாகக் கதையில் இல்லை. ஆனால் கதை தொடங்குவது ஒரு கிழவியிடம். ஆழ்வாரின் இடத்தைக் கூட்டி மெழுகியவள். அவர் அருளால் இளமை பெற்ற அவளை மன்னன் மணந்துகொள்கிறான். அதே இளமை தனக்கும் வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டதில் வந்த வினைதான் அந்த நாடு கடத்தல். வெளியே போனவர்கள் தங்கிய இரவு ஊருக்குப் பெயரானது. அரண்மனைக்குள் போனவள் என்ன ஆனாள் என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் தெருப் பெண்கள் இரவில் முனையில் நாற்காலி போட்டு உட்காரத் தொடங்கியபோது இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டோம். பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஷிப்ட் வேலைக்குப் போகும் பெண்கள் இறங்கி நடந்து வரும் பாதையில், பைக்கில் வருகிறவர்கள் கையை நீட்டுவதும் செயினை இழுப்பதும் நடந்தது. சுய உதவிக் குழுக் கூட்டத்தில் கடன் தவணை பேசிக்கொண்டிருந்தபோது இந்தப் பேச்சு வந்தது. 1989இல் தர்மபுரியில் முளைவிட்ட குழுக்கள் இன்று தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் இருக்கின்றன. சேமிக்கச் சேர்ந்த பெண்கள் சேமிப்பைத் தவிர வேறெதையும் பேசக்கூடாது என்று எந்தப் பதிவேட்டிலும் எழுதியிருக்கவில்லை. ஆளுக்கு வாரம் இரண்டு நாள், இரண்டு டார்ச், ஒரு விசில். தறி வேலை முடித்துவிட்டு வருகிறவர்கள், கல்லூரியில் வகுப்பெடுத்துவிட்டு வரும் நான், எழுபது வயது ஆயா ஒருவர். மனு கொடுத்தோம், விளக்கு வந்தது. பாதையோரம் குடித்துக்கொண்டிருந்தவர்கள் இடத்தை மாற்றிக்கொண்டார்கள். கோர்வைச் சேலையில் கரைக்கு நாடா வாங்கித் தர இன்னொரு ஆள் வேண்டும். தெருவுக்கும் அப்படித்தான் என்று ஒரு தோழி சொன்னாள். அந்த மூன்று மாதங்கள் எனக்குப் பெருமையாக இருந்தன. அதை மறைக்க வேண்டியதில்லை.

பிறகு அந்த இரவு. முனைக்குச் சற்றுத் தள்ளி இருட்டில் ஒரு பைக் நின்றது. டார்ச்சை அடித்தது நான். வெளிச்சம் ஒரு பெண்ணின் முகத்தில் விழுந்தது. எங்களுக்குத் தெரிந்த பெண்தான், பஸ்ஸில் வர வேண்டியவள். கூட இருந்த பையன் எங்கள் தெரு இல்லை, எங்கள் சாதியும் இல்லை. அவள் கையால் கண்ணை மறைத்துக்கொண்டாள். நான் டார்ச்சை உடனே தாழ்த்தவில்லை. மறுநாள் எங்களில் ஒருவர் அவள் அம்மாவிடம் சொன்னார். "நல்லதுக்குத்தானே டீச்சர் சொன்னேன்." பத்து நாளில் அவள் வேலையை நிறுத்தினார்கள், ஆரணிப் பக்கம் உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். சொன்னவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் முகத்தைக் காட்டிக்கொடுத்தது என் வெளிச்சம்.

சங்க இலக்கியத்தில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கியவள் நான். அம்பல், அலர், இற்செறிப்பு ஆகியவற்றை இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஊர்ப் பெண்கள் வாய்க்குள் பேசுவது அம்பல், ஊரறியப் பேசுவது அலர், அதன் பின்னால் தலைவியை வீட்டுக்குள் அடைப்பது இற்செறிப்பு. அந்த வரிசையில் நான் எப்போதும் தலைவியின் பக்கம் நிற்பதாகத்தான் நினைத்திருந்தேன். அலர் பேசும் பெண்களுக்கும் ஒரு நாற்காலி இருந்திருக்கும் என்று தோன்றியதில்லை.

காவல் என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. வயலுக்குக் காவல் இருக்கிறோம். குற்றவாளியைக் காவலில் வைக்கிறார்கள். ஒன்றில் ஆபத்து வெளியே இருக்கிறது, மற்றதில் ஆபத்தே உள்ளே இருப்பவர்தான். பெண் விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. 1977இல் இங்கிலாந்தின் வடக்கே பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டபோது, இரவில் வெளியே வராதீர்கள் என்று போலீஸ் பெண்களுக்குத்தான் அறிவுரை சொன்னது. லீட்ஸ் நகரப் பெண்கள் அந்த நவம்பரில் இரவில் ஊர்வலம் போனார்கள். இரவை எங்களிடம் திருப்பிக் கொடு என்பது அவர்கள் கேட்டது. காவலை அவர்கள் கேட்கவில்லை.

மணிப்பூரின் மெய்ரா பைபிகளைப் பற்றி வகுப்பில் பலமுறை பேசியிருக்கிறேன். தீப்பந்தம் ஏந்தும் பெண்கள் என்று பொருள். 1970களில் குடிக்கு எதிராகத் தொடங்கி, பிறகு ராணுவம் இளைஞர்களைப் பிடித்துப்போகாமலிருக்க இரவெல்லாம் தெருவில் நின்றார்கள். மனோரமாவின் கொலைக்குப் பின் 2004 ஜூலை 15 அன்று காங்லா கோட்டை வாசலில் பன்னிரண்டு பேர் ஆடை களைந்து நின்றதைப் பேசும்போது என் குரல் இப்போதும் தடுக்கும். ஆனால் 2023இல் மைதேயி, குகி மக்களிடையே மோதல் வெடித்தபோது, இந்தத் தீப்பந்தப் பெண்களில் சிலர் குகிப் பெண்களைத் தாக்க வந்த கும்பலுக்குத் துணைபோனதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. பெண்கள் கூட்டம் என்பதாலேயே அது பெண்களின் பக்கம் நிற்கும் என்று நம்பியிருந்த எனக்கு அந்தச் செய்தி இறங்கவில்லை. தீப்பந்தத்துக்குச் சாதியும் இனமும் தெரியாது. பிடித்திருக்கும் கைக்குத் தெரியும்.

எங்கள் குழுவில் இதைப் பேச இரண்டு கூட்டம் ஆனது. ஆயாவின் கேள்வி எளிதானதல்ல: "நாளைக்கு அவன் ஏமாத்திட்டுப் போனா, பாத்துட்டும் ஏன் சொல்லலன்னு அவங்கம்மா கேட்பா. நீ என்ன பதில் சொல்லுவ?" நான் உடுமலைப்பேட்டையைச் சொன்னேன். 2016 மார்ச் 13, பட்டப்பகல், பேருந்து நிலையத்தருகே. சங்கரை வெட்டிக் கொன்றார்கள், கௌசல்யா படுகாயத்தோடு பிழைத்தார். அங்கே வெளிச்சம் இல்லையா, ஆள் நடமாட்டம் இல்லையா? சாதி மாறிக் காதலிக்கும் பெண்ணுக்கு ஆபத்து எந்தத் திசையிலிருந்தும் வரலாம், வீட்டுத் திசை உட்பட. அப்படியிருக்க வீட்டுக்குச் சொல்வதை எப்படிக் காவல் என்பது? ஆயா ஒப்புக்கொள்ளவில்லை. "உன் பொண்ணா இருந்தா?" என்றார். என் மகளுக்குப் பதினாறு வயது. நான் உடனே பதில் சொல்லவில்லை என்பதை எல்லோரும் பார்த்தார்கள்.

கடைசியில் ஒத்துக்கொண்டது கொஞ்சம்தான். டார்ச் தரையில் அடிக்க வேண்டும், முகத்தில் அல்ல. கேட்பதென்றால் அந்தப் பெண்ணையே கேட்க வேண்டும், "துணை வேணுமா?" என்று மட்டும். முனையில் பார்த்தது முனையோடு. இதற்குச் சம்மதிக்காத இருவர் வருவதை நிறுத்திவிட்டார்கள். சொன்னவர் இன்னும் வருகிறார். நாங்கள் பேசிக்கொள்கிறோம், முன்பு போல அல்ல. அந்தப் பெண்ணின் எண் என்னிடம் இருக்கிறது. இரண்டு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய கடமையும் அவளுக்கு இல்லை.

போன வாரம் பஸ்ஸிலிருந்து இறங்கிய இன்னொரு பெண், காத்திருந்த ஸ்கூட்டரில் ஏறிப் போனாள். ஆயா டார்ச்சைத் தன் காலடிக்கு இறக்கினார். வண்டி திரும்பி மறைந்ததும் முணுமுணுத்தார்: "நம்பரைப் பாத்து வச்சிருக்கேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், போ."