பதினெட்டு நடையும் ஈரச் சுவரும்

ராமாநுஜர் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி நின்று எல்லாருக்கும் மந்திரத்தை வாரி வழங்கினார் என்று பேசாத மேடை இல்லை. அதற்கு முன்னால் அந்த மந்திரத்தைக் கேட்டுத் திருவரங்கத்திலிருந்து அவர் பதினெட்டு முறை நடந்தாரே, அதை மட்டும் ஒரு வாக்கியத்தில் தாண்டிப் போய்விடுகிறோம். இன்றைக்கு அந்த நடையைப் பற்றித்தான் பேச ஆசைப்படுகிறேன். அப்போதே அவர் ஆசாரியர். மடத்தில் சீடர்கள் காத்திருக்கிறார்கள். அத்தனை பேருக்குக் குருவானவர் திருக்கோஷ்டியூர் நம்பியின் வாசலில் கைகட்டி நிற்கிறார், வெறுங்கையோடு திரும்புகிறார், மறுபடி புறப்படுகிறார்.

நம் காலத்துக்குப் பக்கத்தில் அப்படி நடந்த ஒருவரை எனக்குத் தெரியும். ஓவியர் நந்தலால் போஸ். ராமகிருஷ்ணரிடம் பக்தி கொண்டவர். சகோதரி நிவேதிதையின் தூண்டுதலால் இளமையிலேயே அஜந்தாவுக்குப் போய், குகை ஓவியங்களைப் படியெடுத்தவர். 1922-ல் சாந்திநிகேதன் கலாபவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். மாணவர்களுக்கு அவர் 'மாஸ்டர் மோஷாய்'.

அந்த மாணவர்கள் சுவரில் வரையக் கற்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆனால் அவருடைய கை பழகியது காகிதத்தில். குரு அவனீந்திரநாத் தாகூரிடம் கற்றது வாஷ் முறை. வண்ணம் பூசுவார்கள், காகிதத்தை அப்படியே தண்ணீரில் நனைப்பார்கள், மேலே மறுபடி பூசுவார்கள். இன்று சரியாக வராதது நாளைக்கு வரலாம்.

சுண்ணாம்புச் சுவர் நாளை வரை காத்திருக்காது. அதனால் அவர் என்ன செய்தார்? 1920களில் ஜெய்ப்பூரிலிருந்து நர்சிங்லால் என்ற பரம்பரைக் கைவினைஞரை வரவழைத்தார். மாணவர்களோடு மாணவராகத் தாமும் அவரிடம் கற்றுக்கொண்டார். நாற்பதைத் தாண்டிய வயது. நாடறிந்த பெயர். அந்தப் பெயரை ஓரமாக வைத்துவிட்டுச் சாந்துக் கரணையைக் கையில் எடுத்த மனதை நினைத்துப் பாருங்கள்!

அந்த வேலை லேசானதல்ல. நீற்றிய சுண்ணாம்பில் தயிரும் வெல்லமும் சேர்த்து மாதக்கணக்கில் ஊறவைக்க வேண்டும். பளிங்குத் தூள் கலந்து பூச வேண்டும். அந்த ஈரம் இருக்கும்போதே, தண்ணீரில் அரைத்த வண்ணத்தைத் தீட்ட வேண்டும். பிறகு அகேட் கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். பசை கிடையாது. காயும்போது சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை இழுத்துக் கல்லாகிறது. வண்ணமும் அந்தக் கல்லுக்குள்ளேயே போய்விடுகிறது. சுண்ணாம்பின் காரத்துக்குப் பல வண்ணங்கள் தாங்காது. காவி, மஞ்சள் மண், பச்சை மண், விளக்குக் கரி போன்ற எளியவை நிற்கும். ஈரம் போய்விட்டால் ஒரு கோட்டைக்கூட மாற்ற முடியாது.

நம் சத்சங்கத்துக்கு வரும் ஓவிய ஆசிரியை ஒருவரிடம் இதைச் சொன்னேன். நீர்வண்ணத்தில் தேர்ந்த கை. பள்ளியில் அக்ரிலிக் வகுப்பு எடுக்கச் சொன்னபோது, இரண்டு மாதம் அவகாசம் கேட்டு வாங்கி, இரவெல்லாம் வரைந்து பழகினாராம். தட்டில் வைத்த வண்ணம் திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்துபோகும். "சாமி, ஒரு குழந்தை வந்து 'ஏன் டீச்சர் இப்படி ஆகுது'ன்னு கேட்டா, புத்தகம் பதில் சொல்லக் கூடாது, என் கை சொல்லணும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உபந்யாசம் செய்கிறவன் கேட்க வேண்டிய வார்த்தை அல்லவா அது!

நந்தலாலின் மாணவர் பினோத் பிஹாரி முகர்ஜி. பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை, மற்றதிலும் மங்கல். அவர் 1946-47-ல் சாந்திநிகேதனின் ஹிந்தி பவனச் சுவர்களில் இடைக்கால அருளாளர்களை ஈரச் சாந்தின்மேல் வரைந்தார். உதவிக்கு நின்ற மாணவர்களில் ஒருவர் கே.ஜி. சுப்ரமணியன். கேரளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, விடுதலைப் போரில் சிறைக்கும் போய்வந்த பிள்ளை. பிறகு பரோடாவிலும் சாந்திநிகேதனிலும் அவரே பல தலைமுறைகளுக்கு ஆசிரியரானார்.

அந்தச் சுவர்களில் கபீர் இருக்கிறார், சூர்தாசர் இருக்கிறார், துளசிதாசர் இருக்கிறார். நம் ராமாநுஜரும் இருக்கிறார்.